யாருக்கு அறிவுரை?

ஒருவன் நோயுற்றமைக்கு அவனே பொறுப்பாளி என்று கூறுதல் எப்பொழுது நியாயமாகும்? வினா புதியதன்று. முற்காலத்தில் இதற்கு வினைப்பயன் என்று விடை கூறினர். பெருநோயாளரை ஊருக்குப் புறத்தே நிறுத்தியவர்கள் அவ்விடையைத் தமது மனச்சாட்சியை உறங்கவைக்கும் மருந்தாகவும் பயன்படுத்தினர். இன்று படித்தவர் எவரும் அவ்வாறு கூறத் துணியார். ஆயினும் அதே விடை வேறு உடை உடுத்து எம்மிடையே உலவுகின்றது. மாரடைப்பால் ஒருவர் இறந்துவிட்டார் என்றால், "வாயைக் கட்டவில்லை", "உடம்பை அசைக்கவில்லை", "சிகரெட்டை விடவில்லை" என்னும் மூன்று குற்றச்சாட்டுகளில் ஒன்றேனும் அவர்மீது சுமத்தப்படாமல் செத்தவீட்டுப் பந்தல் பிரிவதில்லை. முன்னர் முற்பிறப்பிற் செய்த வினை. இப்பொழுது இப்பிறப்பில் உண்ட உணவு. விசாரணையின்றித் தீர்ப்பு வழங்கப்படுவது இரண்டிலும் ஒன்றே.

இத்தீர்ப்புக்கு இன்று விஞ்ஞானத்தின் பெயரால் வலுச்சேர்ப்பது 'வாழ்க்கை முறை ஆலோசனை' எனப்படும் சுகாதார நடவடிக்கையாகும். உயர் இரத்த அழுத்தம், கொலஸ்திரோல், உடற்பருமன், புகைத்தல் ஆகியவை இதய நோய்க்கு வழிகோலுகின்றன என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. இவ்வுண்மையிலிருந்து ஒரு முடிவு இயல்பாகவே பெறப்பட்டது. மக்களை அழைத்துச் சோதித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆபத்தை எடுத்துக்கூறி, குறைவாக உண்ணவும் கூடுதலாக நடக்கவும் புகைத்தலைக் கைவிடவும் புத்திமதி சொன்னால் நோய் குறையும் என்பதே அது. கேட்பதற்கு இதைவிட நியாயமான கூற்று வேறில்லை. ஆசிரியர்களாகிய எமக்கோ இது தேனாக இனிக்கும். அறியாமையே தீமைக்குக் காரணம், அறிவைப் புகட்டினால் தீமை அகலும் என்பதன்றோ எமது தொழிலின் அடிப்படை நம்பிக்கை!

அந்நம்பிக்கை முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றது. அச்சோதனைகளின் வரலாற்றை முற்போக்கு எண்ணங்கொண்ட ஆசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் அவசியம் என்று நாம் கருதுகின்றோம். வைத்தியருக்கு மட்டும் உரிய செய்தியன்று இது.

டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனைச் சூழ்ந்த புறநகர்ப் பகுதிகளில் 1999 இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. இன்டர்-99 என்பது அதன் பெயர். 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட 59,616 பேர் ஆய்வுக்குரியோராகக் கொள்ளப்பட்டனர். அவர்களுள் எழுமாறாகத் தெரிவுசெய்யப்பட்ட 11,629 பேர் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். ஏனையோர் தம்பாட்டில் விடப்பட்டனர். வந்தோருக்கு ஐந்து ஆண்டுக் காலத்தில் நான்கு தடவை வரை தனித்தனியே ஆலோசனை வழங்கப்பட்டது. ஆபத்து மிகுந்தோராகக் காணப்பட்டவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி, புகைத்தல் ஆகியன பற்றி ஆறு குழுக் கூட்டங்களும் நடத்தப்பட்டன.

டென்மார்க் எத்தகைய நாடு என்பதை இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும். வைத்தியம் அங்கே மக்களின் உரிமை. எழுத்தறியாதோரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆலோசனை கூறியோரும் வரிசையில் நிற்பவர்களை விரட்டியடிக்கும் அவசரக்காரர் அல்லர், இதற்கெனப் பயிற்றப்பட்டவர்கள். அறிவுரை எங்காவது பலிக்குமாயின் அங்கே பலித்திருத்தல் வேண்டும். பத்து ஆண்டுகள் கழிந்தபின் கணக்கெடுத்தனர். 2014 இல் முடிவு வெளியாயிற்று. இதய நோயிலோ, பாரிசவாதத்திலோ, மரணத்திலோ, அழைக்கப்பட்ட கூட்டத்தினருக்கும் அழைக்கப்படாத கூட்டத்தினருக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவைத் தனியொரு நாட்டின் விபத்து என ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 1973 இல் தொடங்கிய பெரும் ஆய்வொன்றில், மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களைச் சோதித்து, அவர்களுள் ஆபத்து மிகுந்த 12,866 பேரைத் தெரிந்தெடுத்தனர். பாதிப்பேருக்கு ஏழு ஆண்டுகளாக ஆலோசனையும் சிகிச்சையும் இடைவிடாது அளிக்கப்பட்டன. 1982 இல் வெளிவந்த கணக்கின்படி, ஆலோசனை பெற்றோருள் ஆயிரத்துக்கு 41.2 பேரும் பெறாதோருள் ஆயிரத்துக்கு 40.4 பேரும் இறந்திருந்தனர். 2011 இல் இத்தகைய ஆய்வுகள் 55 ஐத் தொகுத்து நோக்கியவர்களும், பொதுமக்களைப் பொறுத்தவரை தனித்தனி ஆலோசனையால் மரணம் குறைந்தமைக்குச் சான்றில்லை என்றே கூறினர். உயர் இரத்த அழுத்தமோ நீரிழிவோ உடையவர்களுக்கு ஓரளவு நன்மை இருக்கலாம் என்பது அவர்கள் விட்டுவைத்த இடைவெளி.

உடற்பருமன் பற்றிய சான்று இன்னும் சிந்தனைக்குரியது. நீரிழிவும் அதிக எடையும் உடைய 5,145 அமெரிக்கர்களிடையே 2001 இல் ஆரம்பமான ஆய்வில், ஒரு பாதியினருக்கு மிகத் தீவிரமான உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. முதலாம் ஆண்டில் அவர்கள் தமது எடையில் 8.6 வீதத்தை இழந்தனர். ஆய்வு முடிவுற்றபோது அந்த இழப்பு 6 வீதமாகக் குறைந்திருந்தது. சாதாரண ஆலோசனை மட்டும் பெற்ற மறுபாதியினரும் 3.5 வீதம் இழந்திருந்தனர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளின் பின்பும் மாரடைப்பு முதலியவற்றில் இரு பகுதியினருக்கும் வேறுபாடு தோன்றாமையால், 2012 இல் அவ்வாய்வு இடைநிறுத்தப்பட்டது. அவர்கள் பெற்ற பயன் ஒன்றுமில்லை என்று சொல்லுதல் அநீதி. நடமாட்டம் இலகுவாயிற்று; மருந்துத் தேவை குறைந்தது. ஆனால் வாக்களிக்கப்பட்ட பயன், அதாவது இதயத்தைக் காக்கும் பயன், கிட்டவில்லை. எடை ஏன் திரும்புகின்றது என்பதையும் உடற்றொழிலியல் விளக்குகின்றது. எடை குறையும்பொழுது பசி வளர்கின்றது; ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியும் சுருங்குகின்றது. பஞ்சத்துக்கு அஞ்சும் உடல், கொழுப்பை இழக்கும்போதெல்லாம் பஞ்சம் வந்துவிட்டதாகவே எண்ணிப் போராடுகின்றது. இப்போராட்டத்தில் தோற்பவனைச் சோம்பேறி என்று அழைப்பவர் பெரும்பாலும் அப்போராட்டத்திற் புகாதவராகவே இருப்பார்.

எதிர்ச்சான்றை மறைத்தல் எமது நோக்கமன்று. சீனாவின் எண்ணெய் நகரான டாச்சிங்கில், நீரிழிவின் வாயிலில் நின்ற 577 பேரிடையே 1986 இல் தொடங்கி ஆறு ஆண்டுகள் உணவும் பயிற்சியும் பற்றிய வழிகாட்டல் நடைபெற்றது. முப்பது ஆண்டுகளின் பின்னர் நோக்கியபோது, அவ்வழிகாட்டலைப் பெற்றோரிடம் நீரிழிவு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிந்தியிருந்தது. மாரடைப்பும் பாரிசவாதமும் நான்கிலொரு பங்கு குறைந்திருந்தன. ஆகவே, தேர்ந்தெடுத்த சிலருக்கு, நோய் நெருங்கிவிட்ட வேளையில், பல்லாண்டுகள் உடனின்று செய்யும் துணை பயன்படுகின்றது. துணை என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினோம். ஆறு ஆண்டுகள் ஒருவரோடு கூட நடத்தல் வேறு. கால்மணி நேரம் புத்திமதி கூறி, துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கையில் திணித்து அனுப்புதல் வேறு.

பொதுமக்களுக்கான ஆலோசனை ஏன் பலிக்கவில்லை? பிரித்தானியரான ஜெப்ரி ரோஸ் 1985 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில் இதற்கு அடிப்படையான விளக்கத்தைத் தந்தார். ஒரு மனிதனுக்கு ஏன் நோய் வந்தது என்பது ஒரு வினா. ஒரு சமுதாயத்தில் ஏன் இவ்வளவு நோய் உள்ளது என்பது வேறு வினா. லண்டன் அரசாங்க ஊழியரின் இரத்த அழுத்தத்தையும் கென்யாவின் நாடோடி மக்களின் இரத்த அழுத்தத்தையும் அவர் அருகருகே வைத்துக் காட்டினார். லண்டன் ஊழியருள் யாருக்கு அழுத்தம் கூடுதல், யாருக்குக் குறைவு என்று ஆராய்ந்துகொண்டிருந்தால், அவர்கள் அனைவரது அழுத்தமும் ஏன் நாடோடிகளினதைவிட உயர்ந்தது என்ற வினா எழவே எழாது. எல்லோரும் நீருள் நிற்கும்போது நனைந்தவர் யார் என்று தேடுவது போன்றது அது. மேலும், இதய நோயால் வீழ்வோருட் பெரும்பாலோர் மிகுந்த ஆபத்துடைய சிலரல்லர். நடுத்தர ஆபத்துடைய பலரே. சிலரைப் பொறுக்கியெடுத்துப் புத்தி சொல்வதால் பலரின் நோய் எவ்வாறு குறையும்?

கோப்பன்ஹேகனில் அழைக்கப்பட்ட 11,629 பேருள் வந்தவர்கள் 6,091 பேரே. வராதவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது. வராதோர் யார்? எந்நாட்டிலும் அவர்கள் யாரென்று ஊகிக்க ஆய்வு வேண்டியதில்லை. அரைநாள் கூலியை இழக்க முடியாதவர். சோதனை என்றால் குற்ற விசாரணையெனக் கூசுபவர். "இனி என்ன" என்று கைவிட்டவர். அறிவுரை, தனக்கு மிகவும் தேவைப்படாதோரையே முதலில் சென்றடைகின்றது.

வறுமை மட்டுமே காரணம் என்று அவசரப்படுவோரும் சற்றுப் பொறுத்தல் வேண்டும். லண்டன் வைற்ஹோலில் உள்ள அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்த 17,530 ஆண்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவொன்றை, மைக்கல் மார்மட்டும் ரோசும் மற்றிருவரும் 1978 இல் வெளியிட்டனர். அவர்களுட் பட்டினி கிடந்தவர் இல்லை. சுரங்கத்தில் இறங்கியவரும் இல்லை. எல்லோரும் கூரையின் கீழ் இருந்து மாதச் சம்பளம் பெற்றவர்களே. இருந்தும், ஏழரை ஆண்டுகளுள், கடைசிப் படியில் நின்ற பியூன்மாரிடையே இதய நோய் மரணம் உச்சிப் படியில் இருந்த நிர்வாகிகளிடையே காணப்பட்டதைவிட 3.6 மடங்காக இருந்தது. பியூன்மார் கூடுதலாகப் புகைத்தனர். அவர்களின் இரத்த அழுத்தமும் கூடுதல். அவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபின்னும் வேறுபாட்டின் பெரும்பகுதி கரையாமல் நின்றது. படிப்படியாக இறங்கும் அதிகாரத்தின் ஏணி, படிப்படியாக ஏறும் மரணத்தின் ஏணியாகவும் இருந்தது. பிறர் மணியடித்தால் எழுந்து ஓடுவதே தொழிலாகக் கொண்டவனின் இதயத்துக்கு எந்தத் துண்டுப்பிரசுரம் ஆறுதல் கூறும்?

இவ்விடத்தில் தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகின்றோம். அறிவுரையின் இலக்கணம் ஏவலும் வியங்கோளுமாகும். எமது அறநூல்கள் அவ்விலக்கணத்திலேயே வளர்ந்தன. ஆத்திசூடியைக் கொண்டே நாம் எழுத்தறிந்தோம். ஏவல் வினைக்கு முன்னிலை வேண்டும். 'நீ' என்று விளிக்கப்படும் ஒருவன் வேண்டும். அவன் சொன்னதைச் செய்யக்கூடியவன் என்பதும் அவ்வினையினுள்ளேயே அடங்கியிருக்கின்றது. நடக்க இயலாதவனைப் பார்த்து 'நட' என்பது அறமாகாது, ஏளனமாகும். செய்ய முடியாததைக் கடமையென விதிக்க முடியாது என்று ஜெர்மன் தத்துவஞானி கான்ற் வகுத்ததும் இதையே. ஆகவே, அறிவுரையைக் கேட்கும்போதெல்லாம் நாம் வினவவேண்டியது, அங்கே முன்னிலையில் நிறுத்தப்பட்டவர் யார் என்பதே. சுகாதார ஆலோசனையில் எப்பொழுதும் முன்னிலை நோயாளிதான். எண்ணெயை இறக்குமதி செய்வோர், பானத்திற் சீனியைக் கொட்டுவோர், வேலை நேரத்தை வகுப்போர், நடைபாதையில்லாத வீதியை அமைப்போர் எல்லோரும் படர்க்கை. அவர்களை நோக்கி எந்த ஏவலும் பிறப்பதில்லை.

வள்ளுவர் மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்தில் அளவோடு உண்ணுதலை வற்புறுத்தினார் என்று எமது சுகாதாரப் பேச்சாளர்கள் தவறாமல் நினைவூட்டுவர். பத்து அதிகாரம் தள்ளி, நல்குரவு என்று வறுமையைப் பாடியவரும் அவரே என்பதை அவர்கள் நினைவூட்டுவதில்லை. அளவறிதல், முன்னே பரிமாறப்பட்டதைத் தெரிந்துகொள்ளும் சுதந்திரம் உடையவனுக்கு உரிய அறம்.

எமது நாட்டிலேயே இதனைக் காணலாம். 2011 முதல் சுகாதார அமைச்சு ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களை நிறுவி, இலவசமாகச் சோதனையும் ஆலோசனையும் வழங்கி வந்திருக்கின்றது. இலவச வைத்தியத்தைப் போராடிக் காக்க வேண்டிய இக்காலத்தில் அம்முயற்சியை இகழ்பவர் நன்றி மறந்தவராவர். ஆயினும், 1978 இல் தோன்றிய கட்டுநாயக்க வலயத்தில் தையற் பொறியின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் பெண்ணொருத்தி அந்நிலையத்துக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். மரக்கறியும் பழமும் கூடுதலாக உண்ணும்படி அவளுக்குச் சொல்லப்படும். பலர் கூடியிருக்கும் போடிங் அறையில் ஓர் அடுப்புக்கு அவள் முறை வரும்போது எத்தனை மணி? காலையில் பாணும் பருப்பும், இடையில் ரோல்சும் சீனி கூடிய பால்தேநீரும் அவளது மடமையால் விளைந்த தெரிவுகளா? நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கும்படி சொல்லப்படும். இரவில் வேலை விட்டு வரும் பெண் எந்த வீதியில் அச்சமின்றி நடப்பாள்? அவளுக்கு அறிவு குறைவில்லை. ரோல்ஸ் உடம்புக்கு ஆகாது என்பதை ஆலோசகருக்கே அவள் சொல்லிக்கொடுப்பாள். (நாம் பார்த்த சுகாதாரச் சுவரொட்டி ஒன்றில் அப்பிளும் திராட்சையும் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. கொய்யாப்பழத்துக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.)

அப்படியாயின், மனிதன் சூழ்நிலையின் பொம்மை என்றும், சமுதாயம் மாறும்வரை இதயங்களைப் பற்றிப் பேசுவது வீண் என்றும் கூறிவிடலாமா? எமது அணியைச் சேர்ந்தவர்கள் சிலர் அவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றோம். இது மறுபக்கத்து வினைப்பயன் கொள்கை. 1848 இல் மேற் சிலேசியாவிற் பரவிய கொள்ளைநோயை ஆராயச் சென்ற இளம் வைத்தியர் ருடோல்ப் விர்கோ, மருந்தோடு நில்லாது மக்களாட்சியும் கல்வியும் செழிப்புமே பரிகாரம் என்று அறிக்கை எழுதியதை நாம் பெருமையோடு எடுத்துக்காட்டுவோம். ஆனால், உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையான நாடுகளில் நிகழ்ந்தது என்ன? 1960 களின் பின்னர் மேற்கு நாடுகள் பலவற்றில் இதய நோய் மரணம் குறையத் தொடங்கியபோது, சோவியத் யூனியனிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் அது குறையவில்லை, உயர்ந்தது. போலந்தில் 1991 இன் பின்னரே அது விரைந்து வீழ்ந்தது. மிருகக் கொழுப்புக்கான மானியம் போய்த் தாவர எண்ணெய் மலிந்தமையை அதற்கொரு முக்கிய காரணமாக ஆய்வாளர் கூறினர். விழுங்குவதற்குக் கசப்பான செய்திதான். கசக்கின்றது என்பதற்காக அதைத் துப்பிவிடுதல் விஞ்ஞான நோக்கன்று. தொழிற்சாலை யாருடையது என்பதோடு, தட்டில் என்ன வருகின்றது, அதை யார் தீர்மானிக்கின்றனர் என்பதையும் கேட்டேயாக வேண்டும்.

மீண்டும் டென்மார்க்குக்குச் செல்வோம். புறநகர் மக்களுக்கு ஆலோசனை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2003 இல், அந்நாட்டு அரசாங்கம் வேறொன்றைச் செய்தது. தொழிற்சாலையில் எண்ணெயை இறுகச் செய்யும்போது உண்டாகும் தீய கொழுப்பு, உணவிலுள்ள மொத்தக் கொழுப்பில் 2 வீதத்தை மீறலாகாது என்று விதித்தது. உலகில் அத்தகைய சட்டம் அதுவே முதலாவது. எவரும் சோதனைக்கு அழைக்கப்படவில்லை. எவருக்கும் புத்திமதி கூறப்படவில்லை. பிஸ்கட்டின் சுவை மாறியதாக உண்டவர்கள் அறியவுமில்லை. பின்னாளில் கணக்கிட்டவர்கள், அவ்விதியின்பின் இதய நோய் மரணம் குறைந்ததாக மதிப்பிட்டனர். முன்னிலை மாறியதைக் கவனியுங்கள். 'நீ உண்ணாதே' என்ற ஏவல் 'நீ விற்காதே' என்று ஆயிற்று. சட்டங்கள் யாவும் இப்படி வென்றுவிடும் என்பதற்கில்லை. அதே நாடு 2011 இல் விதித்த கொழுப்பு வரி, மக்கள் எல்லை கடந்து ஜெர்மனியிற் பொருள் வாங்குகின்றனர் என்ற கூச்சலினிடையே, ஓராண்டு சற்றே கடந்த நிலையில் கைவிடப்பட்டது.

மொரிசியஸ் தீவில் 1987 இல் மக்கள் பொதுவாக வாங்கும் பங்கீட்டு எண்ணெயிற் பாம் எண்ணெயைக் குறைத்துச் சோயா எண்ணெயைச் சேர்த்தனர். ஐந்து ஆண்டுகளில் மக்களின் சராசரிக் கொலஸ்திரோல் லீற்றருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கிற்று. ஆனால் அதே ஐந்து ஆண்டுகளில் உடற்பருமன் கூடிற்று. எண்ணெயை மாற்றுவது எளிது. கரும்புத் தோட்டத்திலிருந்து ஆடைத் தொழிற்சாலைக்கு மாறிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் உழைப்பையும் உணவையும் மாற்றுவது அவ்வளவு எளிதன்று.

இங்கே தனிமனித சுதந்திரத்தின் காவலர்கள் எழுந்து, மக்களின் எண்ணெயைத் தெரிவுசெய்ய அரசாங்கத்துக்கு என்ன உரிமை என்று கேட்பர். நேர்மையான கேள்வி, ஆனால் பிந்திய கேள்வி. அரசாங்கம் தலையிடுமுன் அவ்வெண்ணெயை மக்களா தெரிந்தெடுத்தனர்? விலையும் இலாபமும் தெரிந்தெடுத்தன. யாரோ ஒருவர் எமக்காகத் தெரிவுசெய்தே தீருவர் என்றால், எம்மால் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் தெரிவுசெய்வது மேல். அதற்கும் எல்லையுண்டு. எம்மைக் கேளாமல் எமக்கு நன்மை செய்யும் அரசாங்கம், எம்மைக் கேளாமல் தீமை செய்யவும் பழகிவிடும். இவ்வச்சத்தை நாம் அற்பமென எண்ணவில்லை. அதனாலேயே பின்லாந்தின் கதை எமக்கு எல்லாவற்றிலும் பயனுடையதாகத் தோன்றுகின்றது.

1970 களின் தொடக்கத்தில் பின்லாந்து ஆண்களின் இதய நோய் மரணவீதம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அந்நாட்டினுள்ளும் கிழக்கே இருந்த வட கரேலியா மாகாணமே மிக மோசம். மரம் வெட்டுவோரும் பால்மாடு வளர்ப்போருமான ஏழை மக்கள்; உடலுழைப்புக்குக் குறைவில்லை, பருத்த செல்வரும் அல்லர். 1971 இல் அம்மாகாணத்தின் பிரதிநிதிகள் தாமே அரசாங்கத்துக்கு விண்ணப்பம் செய்தனர்: எமது ஆண்கள் இளமையில் இறக்கின்றனர், ஏதாவது செய்யுங்கள். கோரிக்கை கீழிருந்து எழுந்தது என்பது சிறிய விடயமன்று. அடுத்த ஆண்டு, முப்பது வயதும் நிரம்பாத பெக்கா புஸ்கா என்ற வைத்தியரின் தலைமையில் வேலை தொடங்கிற்று.

அவர்களும் அறிவுரை கூறினர். ஆனால் அறிவுரையோடு நிற்கவில்லை. பாணில் வெண்ணெயைத் தடித்துப் பூசும் வழக்கத்தை இல்லத்தரசியரின் மார்த்தா சங்கம் கையிலெடுத்தது. ஊர்கள்தோறும் கூடிச் சமைத்து, கூடியுண்டு, கொழுப்புக் குறைந்த பழைய உணவுகளைப் புதுவிதமாக ஆக்கிக் காட்டினர். பால் விற்றுப் பிழைத்தவன் வயிற்றில் அடித்து இதயத்தைக் காப்பதா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக, அவர்களுட் சிலர் காட்டுப்பழச் செடிகளைப் பயிரிடத் துணை செய்யப்பட்டனர். வடநாட்டுக் குளிரில் விளையும் எண்ணெய்வித்துப் பயிர் விருத்தியாயிற்று. பாலின் கொழுப்பை அளந்து கொடுக்கப்பட்ட விலை, புரதத்தையும் அளந்து கொடுக்கும் முறைக்கு மாறிற்று. 1976 ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தை நிறுத்தியது. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் எண்பது வீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. பின்லாந்தின் மற்றைய மாகாணங்களிலும் அது பெருமளவு வீழ்ந்தமையால், இப்புகழில் எவ்வளவு அந்தத் திட்டத்துக்கு உரியது என்று அறிஞர் வாதிட்டனர். வாதிடட்டும். எமக்கு வேண்டிய பாடம், அங்கே முன்னிலையும் தன்மையும் ஒன்றாயின என்பதே. 'நீ செய்' என்று மேலிருந்து வந்த சொல், 'நாம் செய்வோம்' என்று கீழிருந்து ஒலித்தது. அறிவு பொய்க்கவில்லை. அறிந்ததைச் செய்யும் ஆற்றலும் அறிந்தவர் கைக்கு வந்தபோது அது பலித்தது.

இத்தகைய வழியில் எமது நாடும் சில அடிகள் வைத்ததுண்டு. 2016 இல் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வர்ணக் குறிகள் கட்டாயமாக்கப்பட்டன. 2017 நவம்பரில் அத்தகைய பானங்களின் ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் வரி விதிக்கப்பட்டது. இவ்விரண்டில் முதலாவது இன்னமும் வாங்குபவனைப் பார்த்தே பேசுகின்றது. இரண்டாவது விற்பவனைப் பார்த்துப் பேசத் தொடங்கியது. அவ்வரியைப் பற்றி ஆசிரியர் சங்கங்களிலோ வாசிகசாலைகளிலோ பெரிதாக எவரும் விவாதித்ததாக நாம் அறியோம். அது மேலே எங்கோ பிறந்தது. எமது கோரிக்கையாக அது ஒருநாளும் இருந்ததில்லை. கோரிக்கையாக இல்லாததைக் காப்பாற்றவும் ஆளிராது.

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதாத மாணவர் எமது பாடசாலைகளில் இல்லை. பழம் உண்க, அதிகாலையில் எழுக, உடற்பயிற்சி செய்க என்று நாற்பது பேரும் ஒரே கட்டுரையை எழுதுவர். நாமும் சரியிட்டுக் கொடுப்போம். அடுத்த தவணையில் அத்தலைப்பைக் கொடுக்குமுன் வேறொரு வேலை கொடுத்துப் பார்க்கலாம். பாடசாலை வாயிலிலிருந்து நூறு யார் தூரத்துக்குள் விற்கப்படும் உண்பொருள்களையும் அவற்றின் விலைகளையும் மாணவர் ஒரு தாளில் எழுதிவரட்டும். ஒரு கொய்யாப்பழம் என்ன விலை, ஒரு பிஸ்கட் பைக்கற் என்ன விலை, ஒரு போத்தல் பானம் என்ன விலை? தாயும் தந்தையும் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தையும் அதன்கீழ்க் குறிக்கட்டும். அதன்பின் கட்டுரைக்குப் பதிலாகக் கடிதம் ஒன்று எழுதும்படி கேட்போம். 'அன்புடையீர்' என்று தொடங்கும் அக்கடிதத்தை யாருடைய விலாசத்துக்கு எழுதுவது என்பதை மட்டும் நாம் சொல்லிக்கொடுக்காமல், அவர்களே தேடிக் கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுவோம்.